மிதப்பது சொகுசா? – பழைய மகிழுந்தும் தளர்ந்த அதிர்வுத் தாங்கியும்



இலக்கணமும் தமிழ்ப்பள்ளிச் செய்திகளும் எழுதிவந்தவன் திடீரென மகிழுந்தின் அடிவயிற்றைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிலர் வியக்கலாம். எழுதத்தான் வேண்டியுள்ளது. நம் மக்களிடையே பழைய சொகுசு மகிழுந்துகளின்மீது ஆர்வம் பெருகியிருக்கிறது. ஒரு காலத்தில் தோட்ட மேலாளரும் மருத்துவரும் வழக்கறிஞரும் மட்டுமே வைத்திருந்த மெர்சிடிஸ் 'டபிள்யூ 124' இன்று பழைய வண்டிச் சந்தையில் ஒரு புதிய மைவியைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதற்குப் பின்வந்த 'டபிள்யூ 210', 'டபிள்யூ 211', பி.எம்.டபிள்யூ 5 வரிசை ஆகியவற்றின் நிலையும் அதுவே. சிங்கப்பூரில் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் முடிந்ததும் பெரும்பாலான வண்டிகள் சாலையை விட்டுப் போய்விடுகின்றன. உரிமையைப் புதுப்பித்து வைத்துக்கொண்டாலும் பத்தாண்டைக் கடந்த மகிழுந்துக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. மலேசியாவிலோ தனியார் மகிழுந்துகளுக்கு அத்தகைய ஆண்டுச் சோதனைக் கட்டாயம் இல்லாமலே காலம் ஓடிவந்திருக்கிறது. முப்பது வயது மெர்சிடிஸ் ஒன்று, பெயர் மாற்றத்தின்போது ஒருமுறை சோதிக்கப்பட்டுவிட்டு, பிறகு உரிமையாளரின் மனச்சான்றை மட்டுமே நம்பி ஓடுகிறது.

அந்த வண்டியை வாங்குபவர் இயந்திரத்தைப் பார்க்கிறார். பல்லிணைப் பெட்டியைப் பார்க்கிறார். குளிர்சாதனம் குளிர்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறார். தோல் இருக்கை கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். நான்கு சக்கரங்களின் பின்னால் ஒளிந்திருக்கும் நான்கு உருளைகளை மட்டும் பார்ப்பதில்லை. பட்டறைக்காரர் சுட்டிக்காட்டினாலும், "அப்சார்பர்தானே, அடுத்த போனஸ் வரட்டும்" என்று தள்ளிப்போடுகிறார். இந்தத் தள்ளிப்போடலுக்கு எதிராகத்தான் இக்கட்டுரை.

முதற்கோளாறு பெயரிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஷாக் அப்சார்பர்' என்கிறார்கள். மலாயில் 'பெஞ்ஞெராப் ஹெந்தாக்' என்கிறார்கள். நாம் அதைப் பின்பற்றி 'அதிர்வுத் தாங்கி' என்றும் 'அதிர்ச்சி உறிஞ்சி' என்றும் மொழிபெயர்த்துக்கொண்டோம். ஆனால், பள்ளத்தில் சக்கரம் விழும்போது அந்த அடியைத் தாங்குவது இந்த உருளை அன்று. அருகிலுள்ள சுருள்வில்தான் அதைத் தாங்குகிறது. சுருள்வில் அடியை வாங்கி, அமுங்கி, அந்த ஆற்றலை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. கொடுத்தால் வண்டி எழும்பும். எழும்பினால் மீண்டும் அமுங்கும். ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் அது பலமுறை ஆடுவதைப்போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே நம் உருளையின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஓர் உந்துதண்டு, அதன் முனையில் நுண்துளைகளும் தகடுகளும் கொண்ட அடைப்பான். தண்டு மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே திணறிக்கொண்டு போகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலக்கிறது. செருமானியர் இதனை 'அலைவைத் தணிப்பது' என்ற பொருள்படும் சொல்லாலும் அழைக்கின்றனர். பொறியியல் நோக்கில் அதுவே சரியான பெயர். நாமும் 'அலைவுத் தணிப்பி' என்று சொல்லலாம். இனி இக்கட்டுரையில் 'தணிப்பி' என்றே எழுதுகிறேன். பட்டறைக்குப் போய் "நான்கு தணிப்பி வேண்டும்" என்று கேட்டுவிடாதீர்கள். பல் துலக்கும் பொருளா என்று கேட்டாலும் கேட்பார்கள்!

பெயரைப் பற்றி இவ்வளவு பேசுவது தமிழாசிரியனின் வழக்கமான நோய் என்று நினைக்க வேண்டா. 'அதிர்வைத் தாங்குவது' என்று நினைப்பதனால்தான் மக்கள் அதனை வசதிப் பொருளாகக் கருதுகின்றனர். கொஞ்சம் குலுங்கினால் என்ன, பொறுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகின்றனர். உண்மையில் தணிப்பியின் முதன்மையான பணி பயணியின் முதுகைக் காப்பது அன்று. டயரைச் சாலையோடு ஒட்டிவைப்பது. பிரேக்கு பிடிப்பதும், திசை திருப்புவதும், வளைவில் வழுக்காமல் நிற்பதும் உள்ளங்கை அகலமே சாலையைத் தொடும் அந்த நான்கு டயர்த் துண்டுகளால்தான் நடக்கின்றன. சக்கரம் துள்ளிக்கொண்டிருந்தால் ஒரு கணம் டயர் சாலையை அழுத்துகிறது. மறுகணம் அழுத்தம் குறைந்து ஏறக்குறைய மிதக்கிறது. மிதக்கும் டயரிடம் எந்தப் பிரேக்கு என்ன செய்ய முடியும்? 'ஏபிஎஸ்' இருக்கிறதே என்பர் சிலர். துள்ளி எழுந்த சக்கரம் எளிதில் பூட்டிக்கொள்ளும். ஏபிஎஸ் அதை உணர்ந்து பிரேக்கைத் தளர்த்தும். தரையைத் தொட்டபின் மறுபடி பிடிக்கும். மேடுபள்ளமான சாலையில் வண்டி நிற்பதற்கு எடுக்கும் தூரம் அதனால் நீள்கிறது. நம் நாட்டு மாலை மழையையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காராக் நெடுஞ்சாலையின் இறக்கத்திலோ, ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய வளைவுகளிலோ, சாலைமேல் நீர் படர்ந்திருக்கும் வேளையில், அழுத்தம் ஏறி இறங்கும் டயரோடு போவது எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இது எல்லா வண்டிக்கும் பொருந்தும்தானே, சொகுசு மகிழுந்தை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டேன்? காரணம் இருக்கிறது. சிறிய வண்டியில் தணிப்பி தளர்ந்தால் உடனே தெரிந்துவிடும். தடதடவென்று அடிக்கும், மனைவி திட்டுவார், பிள்ளை தலையை இடித்துக்கொள்ளும். சொகுசு மகிழுந்தில் அப்படி இல்லை. தளர்ந்த தணிப்பி அங்கே அதிகச் சொகுசாகவே வேடமிட்டு வருகிறது!

சற்று விளக்குகிறேன். தணிப்பி அடக்கவேண்டிய ஆட்டங்கள் இரண்டு. ஒன்று வண்டியின் உடல் ஆடுவது. இது மெதுவான ஆட்டம், நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை. மற்றொன்று சக்கரமே துள்ளுவது. இது விரைவான துடிப்பு, நொடிக்குப் பத்துமுறைக்கும் மேல். டபிள்யூ 124 ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. அதன் சுருள்வில்கள் மென்மையானவை, இருக்கைகள் தடிமனானவை, முன்பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் அதிகம். அத்தகைய வண்டியில் தணிப்பி தளரும்போது மெதுவான ஆட்டம் தாலாட்டாக மாறுகிறது. நெடுஞ்சாலையில் படகில் போவதைப்போல் இருக்கும். விரைவான துடிப்போ கனத்த உடலையும் ரப்பர்த் தாங்கிகளையும் இருக்கையையும் கடந்து ஓட்டுநரை வந்தடைவதே இல்லை. சக்கரம் கீழே தவித்துக்கொண்டிருக்கும். மேலே இருப்பவர், "பென்ஸ் என்றால் பென்ஸ்தான், மெத்தைமேல் போவதுபோல் இருக்கிறது" என்பார். அத்தோடு, தளர்ச்சி ஒரே நாளில் வருவதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் சிறிதுசிறிதாக வருகிறது. ஓட்டுநரின் கையும் காலும் அதற்கேற்பப் பழகிக்கொள்கின்றன. நாள்தோறும் ஓட்டுபவருக்குத் தெரியாதது, முதன்முறை ஏறி அமர்பவருக்கு உடனே தெரியும்.

எங்கள் பள்ளி வாயிலருகே ஒரு வேகத்தடை இருக்கிறது. காலையில் வாயிற்கடமையில் நிற்கும் ஆசிரியர்களுக்குப் பொழுதுபோக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது, வண்டிகளைப் பார்ப்பதுதான். நல்ல தணிப்பியுள்ள வண்டி அந்தத் தடையில் ஏறி இறங்கினால் ஒருமுறை அசைந்து அமைதியாகிவிடும். சில வண்டிகள் இறங்கிய பிறகும் பின்புறம் இரண்டு, மூன்று, நான்கு முறை தலையாட்டிக்கொண்டே வாயிலுக்குள் நுழையும். அவற்றுள் பளபளவென்று மெழுகு பூசிய, பெரிய விளிம்புச் சக்கரம் மாட்டிய, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய பெரிய மகிழுந்துகளும் உண்டு. பின்னிருக்கையில் நம் மாணவர்கள் மூவர், நால்வர். புத்தகப் பைகளின் எடை வேறு. விளிம்புக்கும் எண் பட்டைக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் இருந்திருக்கிறது. அந்தப் பெற்றோர்மீது எனக்குக் கோபம் இல்லை. பிள்ளையை நல்ல வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்ற ஆசையை யார் குறைசொல்ல முடியும்? ஆனால், அந்த ஆசைக்குள் தணிப்பியும் அடங்கும் என்பதை யாரேனும் சொல்லத்தானே வேண்டும்?

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். பட்டறையில் பலரும் சொல்வது. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வண்டியே பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரிங்கிட். அதற்குப் போய் ஆயிரக்கணக்கில் அப்சார்பரா?" கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், சுண்டைக்காய்க் கணக்கு இங்கே பொருந்தாது. வண்டியின் சந்தை விலை குறைந்திருக்கிறது, எடை குறையவில்லை. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒன்றரை டன்னை நிறுத்துவதற்கு அன்று எவ்வளவு பிடிமானம் தேவைப்பட்டதோ இன்றும் அவ்வளவே தேவை. உற்பத்தியாளர் அந்த எடைக்கும் வேகத்திற்கும் ஏற்றவாறுதான் பாகங்களை அமைத்தார். நாம் மலிவாக வாங்கியது வண்டியைத்தான். அதன் பராமரிப்பை அன்று.

பராமரிப்புச் செலவு என்றதும் 2008ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. திரெங்கானு மாநில அரசு, புரோட்டோன் பெர்டானா வி6 வண்டிகளின் பராமரிப்புச் செலவு மிகுதியாக இருக்கிறது என்று காரணம் காட்டி, மெர்சிடிஸ் ஈ200 வண்டிகளை வாங்கியது. நாடே அதைப் பற்றிப் பேசியது. அந்த முடிவு சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அதே காலத்து ஈ200 வண்டிகள் இன்று பழைய வண்டிச் சந்தையில் சாதாரணச் சம்பளக்காரரின் கைக்கு எட்டும் விலையில் நிற்கின்றன. அரசாங்கத்தையே முணுமுணுக்க வைத்தது பராமரிப்புச் செலவு. அதனைத் தனி மனிதர் ஒருவர் கணக்கில் கொள்ளாமல் சாவியை வாங்கலாமா?

ஆகவே என் கருத்து இதுதான்: பழைய சொகுசு மகிழுந்து வாங்குபவர், விலை பேசும்போதே நான்கு தணிப்பிகளுக்கும் அவற்றைச் சார்ந்த ரப்பர்களுக்கும் ஆகும் தொகையை வண்டி விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை கைக்கு மீறினால் வண்டியும் கைக்கு மீறியதே. இது கடுமையாகத் தோன்றலாம். ஒரு சிறிய வண்டியை எல்லாப் பாகமும் சரியாக வைத்து ஓட்டுவது இதைவிட மதிப்பானது என்றே நான் சொல்வேன்.

இனி, மாற்ற முடிவுசெய்தவர்கள் கவனிக்க வேண்டியவை. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர்.

வெட்டு வண்டிக் கடைகளில் கழற்றி விற்கப்படும் பழைய தணிப்பிகளை வாங்குவது இந்நாட்டில் பரவலான பழக்கம். கதவு, விளக்கு, கண்ணாடி போன்றவற்றை அங்கே வாங்குவதில் தவறில்லை; நானே வாங்கியிருக்கிறேன். தணிப்பி தேயும் பொருள். அதன் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே எண்ணெய்க் கசிவு இல்லாததனாலேயே உள்ளே அடைப்பான் நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது. இன்னும் சில இடங்களில் பழைய உருளையைத் துளையிட்டு, எண்ணெய் மாற்றி, பற்றவைத்து, கறுப்புச் சாயம் அடித்துப் 'புதுப்பித்தது' என்று தருகிறார்கள். தளர்ந்த அடைப்பான் தகடுகளும் தேய்ந்த தண்டும் எண்ணெய் மாற்றினால் இளமை பெறுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டிக்கு அப்படி மாற்றிய ஒரு பட்டறை, முன்னிரண்டில் ஒன்றை மட்டுமே மாற்றிவிட்டு, மற்றது "இன்னும் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பியது. பிரேக்கு பிடித்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. தணிப்பியை எப்போதும் இணையாகவே மாற்ற வேண்டும். முன்னிரண்டும் ஒன்றாக, பின்னிரண்டும் ஒன்றாக. பணம் போதவில்லை என்றால் இம்மாதம் ஓர் இணை, சில மாதம் கழித்து மறு இணை என்று செய்யலாம். இடப்பக்கம் இப்போது, வலப்பக்கம் பிறகு என்று செய்யக்கூடாது.

பில்ஸ்டீன், சாக்ஸ் போன்ற செருமானியத் தயாரிப்புகள் இவ்வண்டிகளுக்கு இன்றும் கிடைக்கின்றன. பெட்டியைப் பார்த்து ஏமாறாமல், பாக எண்ணைச் சரிபார்த்து, நம்பகமான கடையில் வாங்க வேண்டும். 'ஸ்போர்ட்' என்று எழுதியிருப்பதை விற்பனையாளர் பரிந்துரைத்தால் கவனமாக இருங்கள். தாழ்த்தப்பட்ட, கடினமான சுருள்வில்லுக்கு ஏற்றதாக அமைத்ததைப் பழைய மென்மையான சுருள்வில்லோடு சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகா.

தணிப்பியை மட்டும் மாற்றிவிட்டு மேல்முனை ரப்பர்த் தாங்கியைப் பழையதாகவே விடுவது இன்னொரு தவறான சிக்கனம். முப்பதாண்டு வெயிலிலும் வெப்பத்திலும் அந்த ரப்பர் வெடித்துப் போயிருக்கும். 'டொக்கு டொக்கு' என்ற ஓசை தொடரும். கூலி மட்டும் இருமுறை போகும். தண்டின்மேல் இருக்கும் தடுப்பு ரப்பரும் தூசு உறையும் அப்படியே. அடிக்கையின் பந்து மூட்டையும் 'புஷ்' ரப்பர்களையும் அதே நாளில் பார்த்துவிடுவது நல்லது.

டபிள்யூ 124 வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதன் முன்தணிப்பி, பல மகிழுந்துகளில் இருப்பதுபோல் சுருள்வில்லுக்கு நடுவே இல்லை. சுருள்வில் தனியாக அடிக்கைக்கும் வண்டியுடலுக்கும் இடையே அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. அடிக்கை அளவுக்குமீறி இறங்கிவிடாமல் பிடித்திருப்பது தணிப்பிதான். அடிக்கையின் கீழ் ஜாக்கியைத் தாங்கல் கொடுக்காமல் தணிப்பியைக் கழற்றினால் சுருள்வில் பெருவிசையோடு வெளியே பாயக்கூடும், உயிருக்கே ஆபத்து. இவ்வண்டியை அறியாத பட்டறையில் விடவும் வேண்டா. காணொளி பார்த்து வீட்டு முற்றத்தில் தாமே முயலவும் வேண்டா. அந்தச் சுருள்வில்லின் மேல் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் சிறு புடைப்புகள் ஒன்றிலிருந்து நான்குவரை இருக்கும். எண்ணிக்கை கூடக்கூடத் தடிமன் கூடும். சுருள்வில்லைக் கழற்ற நேர்ந்தால், எந்தப் பக்கம் எத்தனைப் புடைப்பு இருந்தது என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். மாற்றிப் போட்டுவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

நல்ல பட்டறைக்காரரை எப்படி அறிவது? அவர் தணிப்பியின் பளபளக்கும் தண்டைக் குறடால் பிடிக்கமாட்டார். அதில் ஒரு கீறல் விழுந்தால் எண்ணெய்த் தடுப்பான் கிழிந்து சில மாதத்தில் கசியும். இரட்டைக் குழாய் வகையாக இருந்தால், நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை இழுத்து அமுக்கி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டுப் பொருத்துவார். கைகளின் புஷ் திருகாணிகளை வண்டி தூக்கிய நிலையில் இறுக்கமாட்டார். சக்கரங்கள் தரையில் நின்று வண்டி தன் இயல்பான உயரத்திற்கு வந்தபின்தான் இறுக்குவார். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து விரைவில் கிழியும். இந்த மூன்றையும் செய்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

சில வண்டிகளில் பின்புறம் தானே உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் நீரழுத்த அமைப்பு இருக்கும். 1998 முதல் 2005 வரை வந்த டபிள்யூ 220 எஸ் வகுப்பில் பெரும்பாலும் நான்கு பக்கமும் காற்றுத் தாங்கிகளே. இவற்றிற்குச் சாதாரணத் தணிப்பியை வாங்கி மாட்ட முடியாது. செலவும் வேறு தரத்தது. டபிள்யூ 220 இன்று ஏன் அவ்வளவு மலிவு என்று கேட்பவர்களுக்கு விடையின் ஒரு பகுதி அந்தக் காற்றுத் தாங்கிகளில் இருக்கிறது.

மாற்றி முடித்து வண்டியை எடுத்தவுடன் பலர் முகம் சுளிப்பர். "முன்பு மெத்தைபோல் இருந்தது, இப்போது கட்டையாக இருக்கிறதே!" என்பர். கட்டையாகத்தான் இருக்கும். அந்த மெத்தை, தளர்ச்சி தந்த மெத்தை. இரண்டு வாரம் பொறுத்து ஓட்டிப் பாருங்கள். பாலத்தின் இணைப்பைக் கடக்கும்போது வண்டி ஒருமுறை 'தப்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். பிரேக்கு பிடித்தால் மூக்கைத் தரையில் குத்தாது. பேருந்தோ சரக்குந்தோ கடந்துபோகும்போது பக்கவாட்டில் அலைக்கழியாது. இவ்வண்டிகள் புதிதாக வந்தபோது அப்படித்தான் ஓடின.

மாற்றிய அன்றே சக்கர நேர்ப்பாட்டையும் சரிபார்த்துவிட வேண்டும். டயரைக் கையால் தடவிப் பாருங்கள். தளர்ந்த தணிப்பியோடு நெடுநாள் ஓடிய டயர், இடைவிட்டு இடைவிட்டுப் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். அப்படித் தேய்ந்த டயர் புதிய தணிப்பி பொருத்திய பிறகும் 'ஊம்ம்' என்று இரைந்துகொண்டேதான் இருக்கும். அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு, போட்டுக்கொடுத்த பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டா. டயரை மாற்றிவிட்டுப் பேசுங்கள்.